பதிவேட்டில் இறக்காத பெரியம்மா

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். நிதானமான ஒரு பெண்குரல், பெரியம்மாவின் பெயரை இனிஷியலோடு முழுதாகச் சொல்லி, "அம்மா இப்போ எப்படி இருக்காங்க?" என்று கேட்டது.

எனக்குச் சில நொடிகள் பேச்சு வரவில்லை. பெரியம்மா போய் அப்போது ஐந்து வருடம் முடிந்திருந்தது. பெருங்குடலில் தொடங்கி ஈரலுக்குப் பரவிய புற்றுநோய். கண்டுபிடித்த நாளிலிருந்து பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதமும் அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார், ஜன்னலோரக் கட்டிலில்.

யார் பேசுவது என்று கேட்டேன். புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னார். "எங்க ரெக்கார்டுல அவங்க உயிரோட இருக்கிறதாத்தான் இருக்குங்க. அதான் விசாரிக்கிறோம்." எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. இறந்தவர்களைக்கூட நிம்மதியாக விடமாட்டீர்களா என்ற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அதன் நகலைக் காட்டித்தான் வங்கிக் கணக்கை மூடினோம், பென்ஷனை நிறுத்தினோம். அதாவது அவர் இறந்தது அரசாங்கத்துக்குத் தெரியும். அப்படியிருக்க, புற்றுநோயாளிகளை எண்ணுவதற்கென்றே இருக்கும் ஓர் இடத்தில் மட்டும் எப்படி அவர் உயிரோடு இருந்தார்?

அன்றிரவே பீரோவின் அடித்தட்டிலிருந்த ஃபைலை எடுத்தேன். ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட், கீமோ சீட்டுகள், எல்லாவற்றுக்கும் கீழே இறப்புச் சான்று. ஆஸ்பத்திரியில் மரணக் காரணம் எழுதிக் கொடுத்த படிவத்தின் நகலும் அதோடு சேர்த்துப் பின் செய்யப்பட்டிருந்தது. அதில் ஒரே ஒரு வரி: இதய, சுவாச நிறுத்தம்.

இதயமும் மூச்சும் நின்றுதான் எல்லோரும் சாகிறோம். இறந்தார் என்பதை வேறு சொற்களில் சொன்னதைத் தவிர அந்த வரி எதையும் சொல்லவில்லை. புற்றுநோய் என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை.

அதற்கப்புறம் பல மாதங்கள் இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாட்டில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறது, எத்தனை பேர் அதனால் இறக்கிறார்கள் என்று செய்தியில் ஓர் எண் வருகிறதே, அந்த எண் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வெறி. நான் மருத்துவரும் அல்ல, புள்ளியியல் படித்தவரும் அல்ல. ஆனால் படிக்கப் படிக்க, அந்த எண்ணின் வேர் எங்கள் பீரோவில் இருந்த மாதிரியான தாள்களில்தான் இருக்கிறது என்பது புரிந்தது.

மரணக் காரணத்தை எழுதுவதற்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஒரு படிவம் இருக்கிறது. முதல் பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில வரிகள். மேல் வரியில் கடைசியாக என்ன நடந்தது, அதற்கு அடுத்ததில் அது எதனால் வந்தது, அதற்கும் கீழே அது எதனால். கிணற்றுக்குள் இறங்குவது போல ஒவ்வொரு படியாக இறங்கி, எல்லாவற்றையும் தொடங்கிவைத்த நோய்க்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் அடிப்படைக் காரணம். நாட்டின் இறப்புக் கணக்கில் ஒரு மரணத்துக்கு ஒரு கட்டம்தான்; அது அந்த அடிப்படைக் காரணத்தின் கட்டம். பெரியம்மாவுக்கு எழுதியிருக்க வேண்டியது இப்படி: ஈரல் செயலிழப்பு, அது ஈரலுக்குப் பரவிய புற்றினால், அது பெருங்குடல் புற்றுநோயினால். எழுதப்பட்டதோ முதல் வரி மட்டும், அதுவும் வெறும் வரி.

இதற்கு அந்த மருத்துவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலை மூன்று மணி இருக்கும். டியூட்டியில் இருந்த அந்த இளைஞர் பெரியம்மாவை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். வெளியே வண்டி காத்திருக்கிறது, உறவினர்கள் அவசரப்படுத்துகிறார்கள், நானே மேஜை முன்னால் நின்று "சீக்கிரம் எழுதிக் கொடுத்துடுங்க டாக்டர்" என்று கெஞ்சினேன். அந்த நேரத்தில் யாருக்குமே அந்தத் தாள் ஒரு புள்ளிவிவரமாகத் தெரியவில்லை. உடலை எடுத்துப்போக ஓர் அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான்.

இப்படி எதையும் சொல்லாத காரணங்களுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் குப்பைக் குறியீடுகள். கேட்க வலிக்கிறது, ஆனால் பெயர் சரிதான். இதயநிறுத்தம், முதுமை, காரணம் தெளிவில்லை என்றெல்லாம் எழுதப்பட்ட இறப்புகளை அவர்கள் பிறகு பகுத்துப் பார்த்து, இதில் இத்தனை பங்கு புற்றுநோயாக இருந்திருக்கலாம், இத்தனை பங்கு மாரடைப்பாக இருந்திருக்கலாம் என்று மறுபடி பங்கிட வேண்டியிருக்கிறது. அப்படிப் பங்கிடுவதால் மொத்தக் கணக்கு ஓரளவு சீராகும். பெரியம்மா என்ற குறிப்பிட்ட ஒருவர் எந்தக் கட்டத்துக்குப் போனார் என்று அதன்பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சரி, அப்படியென்றால் அவர் பெயர் பதிவேட்டுக்குள் எப்படிப் போனது? இங்கேதான் இரண்டு வேறு புத்தகங்கள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியவந்தது. ஒன்று இறப்புப் புத்தகம், அது சான்றிதழ்களிலிருந்து நிரம்புகிறது. இன்னொன்று நோய் வந்தவர்களின் புத்தகம். ஒரு குறிப்பிட்ட பகுதியில் வசிக்கும் மக்களில் ஓர் ஆண்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து எழுதுவதுதான் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு. ஒரே ஆஸ்பத்திரியின் நோயாளிப் பட்டியல் வேறு, இது வேறு. ஆஸ்பத்திரிப் பட்டியலில் அங்கு வந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். அவர்கள் எத்தனை பேரிலிருந்து வந்தவர்கள் என்று தெரியாது, அதனால் அதிலிருந்து ஒரு வீதத்தைக் கணக்கிட முடியாது.

பெரியம்மாவின் பெயர் பயாப்ஸி பார்த்த லேப் வழியாகப் பதிவேட்டுக்குப் போயிருக்கிறது. இரண்டு புத்தகங்களையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பதிவேட்டில் இருப்பவர் இறப்புப் பட்டியலில் வந்தால் பெயருக்கு நேரே தேதி ஏறும். இறப்புப் பட்டியலில் புற்றுநோய் என்றிருந்து பதிவேட்டில் இல்லாதவர் வந்தால், அவர் எங்கே சிகிச்சை பெற்றார் என்று பின்னோக்கித் தேடிப் போவார்கள். தேடியும் எதுவும் கிடைக்காவிட்டால் 'இறப்புச் சான்று மட்டும்' என்ற வகையில் சேர்ப்பார்கள். பெரியம்மாவின் சான்றில் புற்றுநோய் என்ற சொல்லே இல்லை, முகவரியும் அவருடைய சொந்த ஊர் முகவரி. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்ததோ எங்கள் வீட்டு முகவரி. இரண்டு புத்தகங்களிலும் இருந்த அந்த இரண்டு பெண்களும் ஒருவர்தான் என்று யாருக்கும் தெரிய வழியில்லை. நோய்ப் புத்தகத்தில் அவர் சாகாமலேயே வாழ்ந்துகொண்டிருந்தார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று முதலில் எனக்கு உறைக்கவில்லை. இறந்தது பதிவாகாதவர்கள் நிறையப் பேர் இருந்தால், அந்தப் பதிவேட்டில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு வீதம், அதாவது நோய் கண்டறிந்து ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருப்பவர்களின் பங்கு, ஏறிவிடும். ஈரல் வரை பரவிய நோயோடு ஆறு வருடம் தாண்டி ஒரு பெண் நன்றாக இருக்கிறார் என்று கணக்கு சொல்லும். அதைப் பார்த்து இங்கே சிகிச்சை பிரமாதம் என்று யாராவது முடிவுக்கு வந்தால்? அந்தப் பெண்குரல் எனக்குப் போன் செய்தது இதைத் தடுப்பதற்குத்தான்.

எண்ணுவதற்காக ஆட்கள் வீடு வீடாக அலைவது புதிதும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு லண்டனில், ஒரு வீட்டில் சாவு என்றால் அதற்கென்று அமர்த்தப்பட்ட வயதான பெண்கள் போய் உடலைப் பார்த்து, விசாரித்து, என்ன நோய் என்று சொல்லிவிட்டு வருவார்கள். அப்படித் திரட்டிய பட்டியல்களைத்தான் ஜான் கிரான்ட் 1662-ல் ஆராய்ந்து வெளியிட்டார். அதில் 1632-ஆம் ஆண்டுக்கான வரிகளில் புற்றுக்கும் அதோடு சேர்த்து எண்ணப்பட்ட, அன்று ஓநாய் என்று அழைக்கப்பட்ட ஒரு நோய்க்கும் 10 பேர் என்றிருக்கிறது. லண்டன் முழுவதற்கும் 10. உடலுக்குள் மறைந்திருந்த புற்றுகளை அந்தப் பெண்களால் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

1900-ல் ஜெர்மனியில் ஒரு முயற்சி நடந்தது. அக்டோபர் 15 அன்று சிகிச்சையில் இருக்கும் புற்றுநோயாளிகள் எத்தனை பேர் என்று நாட்டிலுள்ள எல்லா மருத்துவர்களுக்கும் கேள்வித்தாள் அனுப்பினார்கள். பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்பப்பட்டு வந்தன. உட்கார்ந்த இடத்திலிருந்து தாள் அனுப்பினால் இதுதான் நடக்கும். 1926-ல் ஹாம்பர்க் நகரம் வேறு வழியில் போனது. மூன்று செவிலியர்கள் ஆஸ்பத்திரிகளுக்கும் மருத்துவர்களிடமும் குறித்த இடைவெளியில் நேரில் போய்ப் புதிய நோயாளிகளின் பெயர்களை எழுதி வந்து அட்டைகளில் ஏற்றினார்கள்; வாரம் ஒருமுறை அந்த அட்டைகளை இறப்புச் சான்றுகளோடு ஒப்பிட்டார்கள். இன்றைக்கு எந்தப் பதிவேடும் அடிப்படையில் செய்வது இதே வேலைதான். எனக்கு அந்த மூன்று பேரின் பெயர் தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஒரு நாடு முழுவதையும் தழுவிய முதல் பதிவேட்டை டென்மார்க் 1942-ல் தொடங்கியது, அதுவும் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில். 1968-ல் அங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எண் கொடுத்தார்கள். அதற்கப்புறம் நோய்ப் புத்தகத்தையும் இறப்புப் புத்தகத்தையும் இணைப்பது பெயர் எழுத்துப்பிழையை நம்பியிருக்கும் வேலையாக இல்லாமல் போனது. அப்படிப்பட்ட வசதி இல்லாத இடங்களில் கால்களைத்தான் நம்ப வேண்டும். மகாராஷ்டிரத்தின் பார்ஷியில் 1987-ல் இந்தியாவின் முதல் கிராமப்புறப் பதிவேடு தொடங்கியபோது, நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருவார் என்று காத்திருக்காமல் பணியாளர்கள் ஊர் ஊராகப் போனார்கள். கிராமத்தில் விவரம் தெரிந்தவர்களிடம் பேசி, அறிகுறி உள்ளவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். காத்திருந்தால் ஆஸ்பத்திரிக்கே போகாமல் இறந்தவர்கள் எல்லோரும் கணக்கில் விடுபட்டிருப்பார்கள்.

யாரை எண்ணுவது என்பதில் இருக்கும் விதிகளும் நான் நினைத்ததைவிட அதிகம். ஒரே ஆள் மூன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் ஒரு பதிவு. ஒருவருக்கே மார்பில் ஒன்று, பல ஆண்டு கழித்து குடலில் சம்பந்தமில்லாத இன்னொன்று என்றால் இரண்டு பதிவு. பழைய நோய் திரும்பி வந்தால் புதுப் பதிவு கிடையாது. நோய் எங்கே பரவியது என்பதல்ல, எங்கே தொடங்கியது என்பதே கணக்கு. எங்கள் சொந்தக்காரர்கள் இன்றுவரை பெரியம்மாவுக்கு ஈரல் கேன்சர் என்றுதான் சொல்கிறார்கள். பதிவேட்டில் அவர் பெருங்குடலுக்குரியவர். மெலனோமா என்ற ஆபத்தான வகையைத் தவிர்த்த மற்ற தோல் புற்றுகள் பல நாடுகளின் மொத்தக் கணக்கில் சேர்வதே இல்லை, ஏனென்றால் சில இடங்களில் அவை அவ்வளவு சாதாரணம், பெரும்பாலும் வெளிநோயாளியாகவே வெட்டி எடுத்துவிடுவதால் முழுதாகப் பிடிக்கவும் முடிவதில்லை. இரண்டு நாடுகளை ஒப்பிடும் யாரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒரு பதிவேடு நல்லதா என்று சோதிக்கும் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்யப்பட்டவர்களின் சதவீதம் உயர்வாக இருந்தால் நல்லதுதானே? ஓரளவுக்குத்தான். கிட்டத்தட்ட எல்லோருமே அப்படி உறுதி செய்யப்பட்டவர்கள் என்று ஒரு பதிவேடு சொன்னால் நிபுணர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். பயாப்ஸி எடுக்க முடியாத அளவுக்கு முற்றியவர்கள், மூளையிலும் கணையத்திலும் ஸ்கேனில் மட்டும் தெரிந்தவர்கள், மிகவும் வயதானவர்கள் இவர்களெல்லாம் எங்கே போனார்கள்? லேப் ரிப்போர்ட்டுகளை மட்டும் அள்ளிவிட்டு மற்றவர்களைத் தேடவே இல்லை என்று அர்த்தம். லியோனில் 1965-ல் தொடங்கிய சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பதிவேடுகளின் தரவுகளைத் தொகுத்து வெளியிடும்போது இப்படிப் பல கோணங்களில் உரசிப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்கிறது.

இவ்வளவு பாடுபட்டு எண்ணி முடித்த பிறகும் அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துப் பேச முடியாது. மக்கள்தொகையால் வகுத்து, 1 லட்சம் பேருக்கு இத்தனை என்று சொன்னாலும்கூட ஏமாந்துவிடலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபதுக்குக் கீழே உள்ளவர்களில் லட்சத்துக்கு 50 பேருக்கும், அறுபதைத் தாண்டியவர்களில் லட்சத்துக்கு 1000 பேருக்கும் ஆண்டுதோறும் நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாடுகளிலும் இதே ஆபத்துதான், துளி வித்தியாசம் இல்லை. ஒரு நாட்டில் 1 லட்சம் பேரில் 30,000 பேர் அறுபதைத் தாண்டியவர்கள்: 300, அதோடு இளையவர்கள் 35, மொத்தம் 335. இன்னொரு நாட்டில் 10,000 பேர்தான் அறுபதைத் தாண்டியவர்கள்: 100, இளையவர்கள் 45, மொத்தம் 145. ஆபத்து ஒன்றே, ஆனால் முதல் நாட்டின் வீதம் இரண்டு மடங்குக்கும் மேல். இளைஞர்கள் நிறைந்த நாடு தன் குறைந்த எண்ணைக் காட்டி எங்கள் உணவும் பழக்கமும்தான் காரணம் என்று பெருமை பேசலாம், அதில் ஒரு சொல்கூட உண்மையாக இருக்காது.

இதற்குத்தான் வயது தரப்படுத்தல். எல்லா நாடுகளுக்கும் ஒரே கற்பனையான மக்கள்தொகையைப் பொதுத் தராசாக வைத்து, அந்த வயது விகிதத்தில் ஒவ்வொரு நாட்டின் வீதங்களையும் எடைபோடுவது. ஜப்பானின் மித்சுவோ செகி 1960-ல் முன்வைத்து, ரிச்சர்ட் டால் முதலானவர்கள் 1966-ல் சற்றே திருத்திய உலக மக்கள்தொகைதான் இந்தத் துறையில் இன்றுவரை பெரிதும் புழங்குகிறது. அமெரிக்கா தன் உள்நாட்டுக் கணக்குக்குத் தன்னுடைய 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகையைத் தராசாக வைத்திருக்கிறது, அதில் முதியவர்களின் பங்கு அதிகம், ஆகவே அதே நோய்க்கு எண் பெரிதாக வரும். இரண்டு தராசில் நிறுத்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் கட்டுரைகளை இப்போதெல்லாம் பார்த்தவுடனேயே எனக்கு உள்ளுக்குள் ஏதோ செய்கிறது.

இது தெரிந்த பிறகு தலைப்புச் செய்திகளை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது. அமெரிக்காவில் 1991-ல் புற்றுநோயால் இறந்தவர்கள் 5 லட்சத்துச் சொச்சம். இப்போது ஆண்டுக்கு 6 லட்சத்துக்கும் மேல். புற்றுநோய் மரணங்கள் கூடிவிட்டன என்று எழுதினால் அது உண்மை. ஆனால் வயது தரப்படுத்திய இறப்பு வீதம் 1991-ல்தான் உச்சத்தில் இருந்தது, அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கிறது. அதுவும் உண்மை. மக்கள் பெருகினார்கள், வயதானவர்கள் பெருகினார்கள், ஒவ்வொருவருக்கும் இருந்த ஆபத்து மட்டும் குறைந்தது. புகைபிடிப்பது குறைந்ததுதான் அதில் மிகப் பெரிய பங்கு. அங்கே ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் இறப்பு வீதம் 1990-ல் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. பல பத்தாண்டுகளுக்கு முன்னால் ஒருவர் அணைத்த சிகரெட், இத்தனை காலம் கழித்து ஓர் அட்டவணையில் ஒரு புள்ளி கீழே இறங்குவதாகத் தெரிகிறது என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருக்கிறது.

தென்கொரியாவின் கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் நம்பமாட்டார்கள். 1999-ல் அங்கே அரசு ஒரு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குச் சிறிய கூடுதல் கட்டணத்தில் கழுத்து அல்ட்ராசவுண்டும் பார்த்துவிடும் வழக்கம் பரவியது. 2011-ல் தைராய்டு புற்றுநோயின் நிகழ்வு வீதம், அதாவது புதிதாகக் கண்டறியப்படுவோரின் வீதம், 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 40,000 பேருக்கும் மேல் கண்டறியப்பட்டது. நிகழ்வு வரைபடத்தை மட்டும் பார்த்தால் ஏதோ கொள்ளைநோய் என்றுதான் நினைப்போம், தண்ணீரில் விஷமா, கதிர்வீச்சா என்று அலறுவோம். பக்கத்திலேயே இறப்பு வரைபடத்தையும் வைத்துப் பாருங்கள், அது அசையவே இல்லை. பின்லாந்தில் 1985-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேறு காரணங்களால் இறந்தவர்களின் தைராய்டை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்கு மேல் சின்னஞ்சிறு புற்று இருந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் தராமல் கூடவே இருந்து அவர்களோடேயே முடிந்தவை அவை. கொரியாவில் அப்படிப்பட்டவற்றைத்தான் தேடித் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தைராய்டை வெட்டி எடுத்தார்கள், எடுத்தவர்களில் அநேகர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், சிலருக்குக் குரல் போனது. 2014-ல் அங்குள்ள மருத்துவர்கள் சிலரே இதைப் பகிரங்கமாக எதிர்த்த பிறகுதான் எண்ணிக்கை சரிந்தது. நிகழ்வும் இறப்பும் இரண்டுமே ஒழுங்காக எண்ணப்பட்டிருந்ததால்தான் அவர்களால் அதை நிரூபிக்க முடிந்தது. ஒரு புத்தகம் இல்லாமல் போயிருந்தால் இன்னும் வெட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஐந்தாண்டு உயிர்வாழ்வு என்ற எண்ணிலும் இதே கண்ணி இருக்கிறது. ஒருவர் 70 வயதில் இறக்கப்போகிறார். 67-ல் கண்டறிந்தால் மூன்று வருடம் வாழ்ந்தார், தோல்வி. 60-லேயே கண்டறிந்திருந்தால் பத்து வருடம், வெற்றி. சாவு அதே நாளில்தான் வந்தது, கடிகாரத்தை முன்கூட்டியே ஓடவிட்டதுதான் வித்தியாசம். 2007-ல் அமெரிக்க அதிபர் வேட்பாளராக முயன்ற ரூடி ஜூலியானி, புராஸ்டேட் புற்றுநோயிலிருந்து தப்பும் வாய்ப்பு தன் நாட்டில் 82 சதவீதம், இங்கிலாந்தில் 44 சதவீதம்தான் என்று பிரசாரம் செய்தார். அவருக்கே அந்த நோய் வந்து குணமானவர், உணர்ந்துதான் பேசியிருப்பார். ஆனால் அந்த நோயால் இறப்போரின் வீதம் அன்று இரண்டு நாடுகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அமெரிக்காவில் ரத்தப் பரிசோதனை மூலம் மிக முன்னதாகவும், மிக அதிகமாகவும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் உயிர்வாழ்வு வீதம் பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை, சிகிச்சை உண்மையிலேயே முன்னேறிய நோய்களில் அது அழகாகக் காட்டிக் கொடுக்கும். இறப்பு வீதத்தைப் பக்கத்தில் வைக்காமல் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது என்கிறேன்.

உலக அளவில் 2022-ல் ஏறத்தாழ 2 கோடிப் புதிய நோயாளிகள், 97 லட்சம் மரணங்கள் என்பது அந்த லியோன் முகமை வெளியிடும் குளோபோகான் என்ற தொகுப்பின் மதிப்பீடு. 185 நாடுகளுக்கு அப்படி எண் இருக்கிறது. அதற்காக 185 நாடுகளிலும் எண்ணினார்கள் என்று அர்த்தமில்லை. தேசியப் பதிவேடு உள்ள இடத்தில் எண்ணியது. சில பகுதிகளில் மட்டும் பதிவேடு இருந்தால் அவற்றிலிருந்து நாடு முழுவதற்கும் விரித்தது. எதுவுமே இல்லாத நாட்டுக்கு அண்டை நாடுகளின் வீதங்களைக் கடன் வாங்கியது. அவர்கள் இதை மறைப்பதில்லை, ஒவ்வொரு நாட்டுக்கும் எந்த முறை என்று எழுதியே வைக்கிறார்கள். அட்டவணையில் வந்தபிறகு மட்டும் எண்ணிய எண்ணும் ஊகித்த எண்ணும் ஒரே எழுத்துருவில் ஒரே மாதிரி நிற்கின்றன.

ஏன் எப்போதும் இரண்டு மூன்று வருடப் பழைய கணக்காகவே வருகிறது என்று நான் முன்பு எரிச்சல்பட்டிருக்கிறேன். இப்போது புரிகிறது. ஃபைல்கள் தாமதமாக வரும், ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் வருவார், இறப்புகளோடு ஒப்பிட வேண்டும், பின்னோக்கித் தேட வேண்டும், நடுவே எனக்குப் போன் செய்ததைப்போல ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். அவசரமாக வெளியிட்டால் கடைசி வருடம் எப்போதும் குறைவாகவே இருக்கும், நோய் குறைந்துவிட்டதாக ஊர் நம்பும். 2020-ல் கொரோனாவின்போது பல நாடுகளில் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை சடாரென்று விழுந்தது. யாருக்கும் நோய் குறையவில்லை. பரிசோதனைக்குப் போக வழியில்லாமல் கட்டியோடு வீட்டில் இருந்தார்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, ஒருநாள் காலை, அந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். அதே குரல்தான். நான் யார் என்று சொன்னதும் ஒரு கணம் அமைதி. "அன்னிக்கு அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சுடுங்க" என்றேன். "பரவாயில்லைங்க, எல்லாரும் அப்படித்தான்" என்றார், அதில் எந்த வருத்தமும் இல்லை, எனக்குத்தான் அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இறந்த தேதியைச் சொன்னேன். காரணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொன்னேன், அது தவறு என்றும். அது தங்களுக்குப் பெரிதாக இடைஞ்சல் இல்லை என்றார். உயிர்வாழ்வைக் கணக்கிட அவர்கள் மரணக் காரணத்தை நம்புவதே இல்லையாம். தேதி இருந்தால் போதும், அதே வயதுள்ள மற்றவர்களில் இயல்பாக எத்தனை பேர் இறப்பார்கள் என்பதோடு ஒப்பிட்டு நோயின் பங்கைப் பிரித்துவிடுவார்கள். ஆனால் நாட்டின் இறப்புப் புத்தகத்தில் அவர் இதயக் கட்டத்திலோ காரணம் தெளிவற்ற கட்டத்திலோதான் இருப்பார், அதைத் தங்களால் மாற்ற முடியாது என்றார்.

அப்புறம் கீபோர்டு தட்டும் சத்தத்துக்கு நடுவே, "அம்மா உங்க வீட்டுல எத்தனை வருஷமா இருந்தாங்க?" என்று கேட்டார்.

சிகிச்சைக்காகத்தான் வந்தார், நோய் தெரிந்த வாரம்தான் ஊரிலிருந்து கூட்டிவந்தோம் என்றேன்.

தட்டும் சத்தம் நின்றது. கண்டறிந்த நேரத்தில் குறைந்தது ஒரு வருடமாவது இங்கே வசித்தவராக இருந்தால்தான் இந்தப் பகுதியின் கணக்கு என்று விளக்கினார். வைத்தியத்துக்கு வந்தவர்களையெல்லாம் சேர்த்தால், பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் எல்லாம் நோய் அதிகம் என்றாகிவிடும். முகவரியை நம்பித்தான் பெரியம்மாவை இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறார்கள். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, நான் படித்த அத்தனையும் அதையேதான் சொல்லியிருந்தது. வகுக்கும் மக்கள்தொகையில் இல்லாதவர் மேலே இருக்கும் எண்ணிலும் இருக்கக்கூடாது.

"அப்போ அவங்க ஊர்ப் பதிவேட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

"அந்தப் பக்கம் பதிவேடு இல்லைங்க."

கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. பதிவேடு இல்லாத பகுதிகளுக்கு மதிப்பீடு போடும்போது பக்கத்துப் பகுதிகளின் வீதத்தை வைத்துப் போடுவார்கள், மொத்தத்தில் அது வந்துவிடும் என்றார். எனக்கு அது தெரியும். கொரியாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த எனக்கு அப்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

"தேதியையாவது எங்கேயாவது எழுதி வச்சுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

நீக்கும் பதிவுக்கும் ஒரு குறிப்பு போட்டுத்தான் நீக்குவோம் என்றார். பெரியம்மாவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். எங்கே தொடங்கியது என்று பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பார்த்து வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். அப்புறம் நாள், மாதம், வருடம் மூன்றையும் நிதானமாக ஒருமுறை திருப்பிச் சொல்லி, "சரிதானுங்களே?" என்று கேட்டார். சரிதான் என்றேன்.